கிறிஸ்துமஸ் நாட்களில் ஐரிஷ் மரபிசை: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு

டிசம்பரில் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் நாலு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை எட்டரைக்கு மேல்தான் வெளிச்சம் வரும். வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வந்து சேரும் நம்மவர்களுக்கு முதல் குளிர்காலம் பெரும்பாடு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, உடன் வேலை பார்த்த கிளேர் மாவட்டத்துக்காரர் ஒருவர் என்னை ஒரு பப்புக்கு அழைத்துப் போனார். உள்ளே மேடை இல்லை, மைக் இல்லை. மூலையில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் மடியில் வயலின், இன்னொருவர் கையில் புல்லாங்குழல், ஒரு பாட்டியிடம் கான்செர்ட்டினா என்ற கைக்கடக்கமான துருத்தி வாத்தியம். எல்லோரும் ஒரே மெட்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை இந்த இசையைத் தேடிப் போகிறேன். இங்கே கிறிஸ்துமஸ் என்பது ஒரு நாள் விழா இல்லை, பன்னிரண்டு நாள் காலம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குணம் உண்டு, அதற்கேற்ற இசையும் உண்டு. எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: காதைப் பழக்குவது

டிசம்பர் தொடக்கத்திலேயே இதை ஆரம்பித்துவிடுங்கள். முதல் தடவை கேட்கும் எல்லோரும் "எல்லா மெட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே" என்றுதான் சொல்வார்கள். அமைப்பு தெரிந்துவிட்டால் அந்த மயக்கம் ஒரே வாரத்தில் தெளிந்துவிடும்.

இந்த இசையில் பெரும்பகுதி ஆட்டத்துக்கான மெட்டுகள். ஒரு மெட்டில் பொதுவாக இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் எட்டு ஆவர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியை இரண்டு முறை, இரண்டாவது பகுதியை இரண்டு முறை வாசித்தால் மொத்தம் 32 ஆவர்த்தம், ஒரு சுற்று. அந்தச் சுற்றை வழக்கமாக மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது சுற்று முடிந்த கணமே, மூச்சு விடாமல், அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வாசிப்பதற்கு 'செட்' என்று பெயர். ஒரு செட் ஐந்து நிமிடம் போல வரும்.

அந்தத் தாவலைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுருதி மாறும், அறையில் ஒரு சிலிர்ப்பு ஓடும், எங்கிருந்தோ யாராவது "ஹப்!" என்று குரல் கொடுப்பார். அந்த இடம் உங்கள் காதில் தானாக விழும் நாளிலிருந்து நீங்கள் வெறுமனே சத்தம் கேட்பவர் இல்லை.

அடுத்தது தாளம். நமக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இது கைவந்த விஷயம். ரீல் என்பது வேகமான தகதிமி தகதிமி. ஜிக் என்பது தகிட தகிட. ஸ்லிப் ஜிக் என்றால் தகிட தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஒன்பது, மிதந்துபோகும் நடை. ஹார்ன்பைப் தகதிமிதான், ஆனால் நிதானமாக, சற்றே நொண்டி நடையில் வரும். போல்கா என்பது தக தக என்று குதிக்கும். போல்கா கேட்டால் வாசிப்பவர் கெர்ரி அல்லது கார்க் பக்கத்து ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரு மாவட்டங்களின் எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்ற பகுதி போல்காவுக்கே பெயர் போனது. தொடையில் மெதுவாகத் தட்டி எண்ணிப் பாருங்கள், இரண்டு நாளில் ரீலையும் ஜிக்கையும் பிரித்துவிடுவீர்கள்.

எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டு. ஜாஸ் போலத் தனித்தனியாகக் கற்பனை விரிப்பது கிடையாது. அப்படியானால் கலை எங்கே இருக்கிறது? ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில். விரலால் சுண்டிவிடும் சின்னச் சின்ன அலங்காரங்கள், வில்லை எங்கே திருப்புவது, எந்த இடத்தில் ஒரு நூலளவு தாமதிப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கமகம் கேட்டுப் பழகிய காது இதைச் சீக்கிரமே கண்டுகொள்ளும்.

இந்த இசைக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினிப் படையின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவற்றில் ஒன்றான 'வந்தே மீனாக்ஷி', 'ரேக்ஸ் ஆஃப் மேலோ' என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டில் அமைந்தது. மேலோ என்பது கார்க் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பாட்டு வகுப்பில் குழந்தையாக இதைப் பாடியவர்கள், இந்த நாட்டின் ஒரு மெட்டை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம். வயலினை இங்கே ஃபிடில் என்பார்கள், வாத்தியம் அதேதான். டின் விசில் என்பது ஆறு துளை உலோகக் குழல். மரப் புல்லாங்குழல், பட்டன் அக்கார்டியன், கான்செர்ட்டினா, பேஞ்சோ எல்லாம் மேசையைச் சுற்றி இருக்கும். கிரேக்கத்துத் தந்தி வாத்தியமான பூசூக்கி 1960களில் இங்கே வந்து இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. இவை எல்லாவற்றிலும் நான் தனியாக நிறுத்திச் சொல்ல விரும்புவது இல்லன் பைப்ஸ் என்ற காற்றுப்பை வாத்தியம். ஸ்காட்லாந்துப் பைப்பைப் போல வாயால் ஊதுவதில்லை. முழங்கையின் கீழ் ஒரு துருத்தியை வைத்து அழுத்திக் காற்றேற்றுவார்கள், உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். 'இல்லன்' என்ற சொல்லே முழங்கையைக் குறிப்பது. நன்றாக வாசிக்க இருபத்தொரு வருடம் வேண்டும், ஏழு வருடம் கற்க, ஏழு வருடம் பழக, ஏழு வருடம் வாசிக்க என்று ஒரு சொலவடை உண்டு. 2017இல் யுனெஸ்கோ இந்த வாசிப்பை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பைப்பில் மெதுவான மெட்டு ஒன்றை இருட்டு மாலையில் கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரம் தூரத்திலிருந்து கேட்கும்போது நெஞ்சில் ஏற்படுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

வீட்டிலிருந்து கேட்க வழி ஏராளம். ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4, ஐரிஷ் மொழி வானொலியான ரேடியோ ந கேல்தக்த இரண்டும் இந்த இசையை நிறைய ஒலிபரப்புகின்றன, இணையத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். டப்ளினில் இருப்பவர்கள் மெரியன் சதுக்கத்தில் உள்ள ஐரிஷ் மரபிசைக் காப்பகத்துக்குப் போகலாம். 1987இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது. பழைய இசைத்தட்டுகள், வீட்டில் பதிந்த நாடாக்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விடுங்கள், விடுமுறையில் மூடிவிடுவார்கள்.

எதைக் கேட்பது என்று திணறினால், ஊர் வாரியாகக் கேளுங்கள். ஸ்லைகோ பாணிக்கு மைக்கேல் கோல்மன். 1920களில் நியூயார்க்கில் அவர் பதிந்த இசைத்தட்டுகள் கடல் கடந்து திரும்பி வந்து இந்த நாட்டு ஃபிடில் வாசிப்பையே மாற்றின. கிழக்கு கிளேர் பாணிக்கு மார்ட்டின் ஹேய்ஸ், அவசரமே இல்லாத வாசிப்பு. டோனகால் பாணிக்கு ஆல்டன் குழு, வில் கூர்மையாக வெட்டும். இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டால் "எல்லாம் ஒரே மாதிரி" என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எங்கே போவது

இந்த இசையை நேரில் கேட்கும் இடத்துக்குப் பெயர் செஷன். பெரும்பாலும் பப்பில் நடக்கும். பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். முன்பெல்லாம் வீட்டுச் சமையலறையில்தான் வாசித்தார்கள், ஆடினார்கள். 1935இல் வந்த நடனக்கூடச் சட்டம் வீட்டு ஆட்டங்களை நசுக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் தொழிலாளர்கள் அங்கே பப்களில் கூடி வாசித்தார்கள். அந்தப் பழக்கம் ஊர் திரும்பி வேரூன்றியது. பிழைக்கப் போன இடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு மேசை தேடியவர்களின் வழக்கம் இது என்று தெரிந்தபோது எனக்கு இதன் மேல் பிரியம் கூடிவிட்டது.

டப்ளினில் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்பில் தொடங்குங்கள். வாரம் முழுக்க அங்கே செஷன் உண்டு. 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது ஜனங்கள் வாத்தியங்களோடு தெருவில் இறங்கினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. கால்வேயில் டிக் கோலி, கிரேன் பார் என்ற இரண்டு பப்கள். கிளேர் மாவட்டத்தில் டூலின் கிராமமே இதற்குப் பெயர் போனது. மேயோ மாவட்டத்தில் வெஸ்ட்போர்ட்டில், சீஃப்டன்ஸ் என்ற மரபிசைக் குழுவின் புல்லாங்குழல் கலைஞர் மேட் மலாயின் பெயரில் ஒரு பப் இருக்கிறது. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியை முதல் தேர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மைக்கும் கிட்டாரும் வைத்துப் பயணிகளுக்காகப் பாடுவது அதிகம், உரையாடல் போல வாசிக்கும் செஷன் குறைவு.

டிசம்பர் வெள்ளி, சனி இரவுகளில் நகர மையத்தைத் தவிர்ப்பது நல்லது. 'கிறிஸ்துமஸின் பன்னிரண்டு பப்கள்' என்று அலுவலகக் கூட்டங்கள் பண்டிகை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரே இரவில் பன்னிரண்டு பப் ஏறி இறங்கும். அந்த இரைச்சலில் ஃபிடில் கேட்காது. திங்கள் முதல் புதன் வரை போங்கள், ஏழரைக்கே போய் இடம் பிடியுங்கள்.

குழந்தைகளோடு போவதாக இருந்தால் குளிர்காலத்தில் இரவு ஒன்பது மணிக்குள் அவர்களை வெளியே அழைத்து வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். ஞாயிறு பிற்பகல் செஷன்கள் குடும்பத்தோடு போகத் தோதானவை. குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தேநீர் கேட்டால் கொடுப்பார்கள். ஹாட் பிளாக்கரன்ட் கேளுங்கள், குளிருக்கு இதம். ஆரஞ்சும் எலுமிச்சையும் கலந்த ராக் ஷாண்டியும் உண்டு. ஏதாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பப் அதில்தான் நடக்கிறது.

உட்காரும் முறை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தர மாட்டார்கள்.

மேசையைச் சுற்றிக் காலியாக இருக்கும் நாற்காலி காலி இல்லை. தாமதமாக வரும் வாசிப்பாளருக்காக அது காத்திருக்கிறது. முதல் வருடம் நான் நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிடில் பெட்டியோடு வந்த பெண் சுவரோரமாக நின்றுகொண்டே வாசித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன் பக்கத்து பெஞ்சில் எனக்கு இடம் காட்டினார். அடுத்த மேசையில், வாசிப்பவர்களின் விரல்கள் தெரியும் கோணத்தில் உட்காருவதுதான் நல்ல இடம்.

ஆட்ட மெட்டு வாசிக்கும்போது பக்கத்தில் தாழ்ந்த குரலில் பேசலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யாராவது பாடத் தொடங்கினாலோ மெதுவான மெட்டு வந்தாலோ பேச்சு அடியோடு நிற்க வேண்டும். "க்யூனஸ்!" என்று யாராவது சொல்வார். ஐரிஷில் அமைதி என்று அர்த்தம். அப்போது கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம்கூடக் கேட்கும். துணைவாத்தியம் இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாடும் பழைய முறைக்கு ஷான்-நோஸ் என்று பெயர். பாடுபவர் கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் பக்கத்திலிருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கன்னமாரா பகுதிப் பாடகர் ஒருவரை அப்படிக் கேட்ட இரவு என் வாழ்க்கையில் மறக்க முடியாத இரவுகளில் ஒன்று.

கைதட்டித் தாளம் போடாதீர்கள். காலால் மெதுவாகத் தட்டலாம். வாசித்து முடித்ததும் பாராட்டுவதில் தவறில்லை. "அந்தப் பாட்டு வாசியுங்கள்" என்று கேட்காதீர்கள், நேயர் விருப்பத்துக்கு இடமில்லாத சபை இது. படம் பிடிக்க வேண்டுமென்றால் செட் முடிந்த பிறகு கேட்டுவிட்டுப் பிடியுங்கள். மெட்டின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால் கேட்கலாம், சந்தோஷமாகச் சொல்வார்கள். "பெயர் தெரியாது, இன்னாரிடமிருந்து கற்றேன்" என்ற பதிலும் அடிக்கடி வரும். அதுவும் ஒரு நல்ல பதில். இங்கே மெட்டோடு அதைக் கொடுத்தவரின் பெயரும் சேர்ந்தே பயணப்படுகிறது.

அப்புறம், 'நோபிள் கால்' என்று ஒன்று உண்டு. பாட்டுகள் தொடங்கும் கூட்டத்தில், பாடி முடித்தவருக்கு அடுத்துப் பாட வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை கிடைக்கும். நீங்கள் புதியவர் என்பதாலேயே உங்களை அழைக்கலாம். அதனால் ஒரு பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஐரிஷ் பாட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு தடவை என்னை அழைத்தபோது அம்மா பாடும் தாலாட்டில் நாலு வரி பாடினேன். அறை முழுக்க அமைதியாகக் கேட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நாள் வாரியாக

டிசம்பர் 24. இது வீட்டு மாலை. ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், வீட்டில் உள்ள கடைக்குட்டியின் கையால் ஏற்றுவது வழக்கம். வழி தேடி வரும் மரியாளுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்பதற்கான அடையாளம் அது. செஷன் தேடி அலையாதீர்கள், பல இடங்கள் சீக்கிரம் மூடிவிடும். மாலைத் திருப்பலிக்குப் போகிறவர்கள் ஐரிஷ் மொழித் திருப்பலி எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். 'டான் ஈஹ உட் இ மெஹில்' என்று, பெத்லகேமின் அந்த இரவைப் பற்றிய பழைய பாடல் ஒன்று உண்டு. தனிக்குரலில் அதைக் கேட்க வேண்டும். 'கிறிஸ்துமஸ் ஈவ்' என்றே பெயர் கொண்ட ரீலும் இருக்கிறது, கால்வே ஃபிடில் கலைஞர் டாமி கோயனோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

டிசம்பர் 25. பப் திறக்கவே திறக்காது, சட்டமே அப்படி. பெரிய வெள்ளிக்கு இருந்த தடையை 2018இல் எடுத்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் தடை அப்படியே இருக்கிறது. பஸ், ரயில் கிடையாது, டப்ளின் விமான நிலையம்கூட மூடியிருக்கும். எனவே வீட்டில் கேட்பதற்கான நாள். சீஃப்டன்ஸ் குழு 1991இல் வெளியிட்ட 'தி பெல்ஸ் ஆஃப் டப்ளின்' இசைத்தொகுப்பை இந்த நாளுக்கு நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் மணியோசையில் தொடங்கி, மேலே சொன்ன 'கிறிஸ்துமஸ் ஈவ்' ரீலுக்குள் நுழையும். அதன் பிற்பகுதியில் மறுநாள் விழாவையே ஒரு தொடராக வாசித்திருக்கிறார்கள், அதனால் 26ஆம் தேதிக்கு நல்ல முன்னோட்டம்.

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் தென்கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த நாளில் ஒரு தனிப் பாக்கியம் உண்டு. கில்மோர் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஆறு ஆண்கள் மும்மூன்று பேராகப் பிரிந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், மாறி மாறி அடிகளைப் பாடுவார்கள். அந்தப் பாடல்களில் சில 1684இல் ஆயர் லூக் வாடிங் அச்சிட்ட சிறு நூலிலிருந்து வந்தவை, வேறு சில 1728இல் பாதிரியார் வில்லியம் டெவரோ தொகுத்தவை. கத்தோலிக்கர்களை ஒடுக்கிய சட்டங்களின் காலத்திலிருந்து இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக, தந்தை மகனுக்கு என்று கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது. மிக மெதுவாக, நீண்ட அடிகளாக நகரும். பொறுமை வேண்டும். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரை பண்டிகைத் திருப்பலிகளில் பாடுவார்கள். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், மதம் யாரும் கேட்பதில்லை.

டிசம்பர் 26. என்னைப் பொறுத்தவரை வருடத்தின் சிறந்த நாள். புனித ஸ்டீபன் திருநாள், மக்கள் வாயில் 'ரென் நாள்'. ரென் என்பது வாலை நிமிர்த்திக்கொண்டு திரியும் கட்டைவிரல் அளவுப் பழுப்புக் குருவி. எந்தப் பறவை மிக உயரப் பறக்கிறதோ அதுவே ராஜா என்று போட்டி வைத்தார்களாம். கழுகின் இறகுக்குள் ஒளிந்துகொண்ட ரென், கழுகு களைத்த கணத்தில் வெளியே வந்து இன்னும் கொஞ்சம் மேலே பறந்து ஜெயித்துவிட்டது. பழைய நாளில் இந்தக் குருவியைப் பிடித்துக் கொன்று ஒரு செடிக்கிளையில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய், அதை அடக்கம் செய்யக் காசு கேட்பார்கள். இப்போது உயிருள்ள குருவியைத் தொடுவதில்லை. வைக்கோல் உடையும் முகமூடியும் மிச்சம், வாத்தியமும் பாட்டும் மிச்சம். வசூலாகும் காசு பெரும்பாலும் அறப்பணிக்குப் போகிறது.

இதை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கெர்ரியில் டிங்கிள் நகருக்குப் போக வேண்டும். ஊர் பல அணிகளாகப் பிரிந்துகொள்ளும். கிரீன் அண்ட் கோல்டு, ஜான் ஸ்ட்ரீட், கோட் ஸ்ட்ரீட் என்று தெருவுக்கும் நிறத்துக்கும் ஒரு அணி. பகல் தொடங்கி இருட்டும்வரை, இருட்டிய பிறகும், சிறு குழல்களும் பெரிய முரசுகளுமாகத் தெருவைச் சுற்றி வருவார்கள். மரக்குதிரை ஒன்று வாயைத் திறந்து மூடிக் கூட்டத்தைத் துரத்தும். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரை ஞாபகம் வராமல் இருக்காது. நடைபாதையில் நின்று பார்க்காதீர்கள், அணிக்குப் பின்னால் நடந்து போங்கள். யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். பழைய உடை போட்டுக்கொள்ளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டை மறக்காதீர்கள்.

போய்ச் சேருவதை 24ஆம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும். டிங்கிளுக்கு ரயில் கிடையாது, பக்கத்து நிலையம் ட்ரலீ. 26 அன்று பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. அறை முன்பே போட்டுவிடுங்கள், இரண்டு நாளுக்கான உணவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உணவகங்கள் பல மூடியிருக்கும். டப்ளினை விட்டு நகர முடியாதவர்கள் சாண்டிமவுன்ட் பூங்காத் திடலுக்குப் போகலாம். அங்கேயும் ரென் கூட்டம் உண்டு, குழந்தைகளுக்கு ஏற்ற அளவில்.

அன்று கேட்கும் பறையைக் கவனியுங்கள். பௌரான் என்ற அந்த ஆட்டுத்தோல் வாத்தியம் முன்பு பெரும்பாலும் ரென் நாளில் மட்டும் வெளியே வந்தது. 1960களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் அதைச் சேர்த்த பிறகுதான் அதற்கு வருடம் முழுக்க மரியாதை கிடைத்தது. இன்று பல செஷன்களில் அதைக் கேட்கலாம்.

டிசம்பர் 27 முதல் 31 வரை. ஊரே திரும்பி வந்திருக்கும் நாட்கள். லண்டனிலும் பாஸ்டனிலும் சிட்னியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அவர்களில் வாசிப்பவர்கள் தங்கள் ஊர் பப்பில்தான் இருப்பார்கள். வருடம் முழுக்கச் சேர்ந்து வாசிக்க முடியாத அண்ணன் தம்பி, ஆசிரியர் மாணவர் ஒரே மேசையில். பெரிய ஊர்களைவிடச் சின்ன ஊர்கள் இந்த நாட்களில் மேல். ஃபீக்கிள், என்னிஸ், மில்டவுன் மால்பே என்று கிளேர் மாவட்டத்தைச் சுற்றினாலே போதும். விளம்பரம் இருக்காது. மளிகைக் கடையிலோ தங்கும் விடுதியிலோ "இன்று இரவு எங்கே இசை?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இந்த வாரத்தில் ஒரு மரபு உண்டு. டோனகாலில் குவீடோர் பகுதியில், ஆல்டன் குழுவின் புல்லாங்குழல் கலைஞர் ஃபிராங்கி கென்னடி 1994இல் இறந்த பிறகு, அவர் நினைவாகக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே ஒரு குளிர்காலப் பள்ளி தொடங்கினார்கள். இருபது வருடம் நடந்தது. பிறகு அந்த ஊரின் பெயரிலேயே தொடர்ந்தது. பகலில் வகுப்பு, இரவில் கச்சேரி, நள்ளிரவுக்கு மேல் செஷன். கிளம்புவதற்கு முன் அந்த வருடத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். சமையலறையில் நாலு ஜோடிகள் சதுரமாக நின்று செட் நடனம் ஆடுவதை அங்கேதான் பார்க்க முடியும். "வீட்டைச் சுற்றி ஆடு, பாத்திர அலமாரி பத்திரம்!" என்று ஒரு கூவல் வரும், அந்தக் காலத்துக் குறுகலான சமையலறையின் ஞாபகம் அது. கையைப் பிடித்து இழுத்தால் தயங்காமல் போய் நில்லுங்கள், தள்ளிவிட்டே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு டின் பிஸ்கட்டோ கொஞ்சம் முறுக்கோ எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோன தேங்காய் பர்ஃபியை இப்போது வருடா வருடம் கேட்கிறார்கள்.

ஜனவரி 6. நொல்லிக் ந மான், அதாவது பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அன்று ஓய்வு. ஆண்கள் வீட்டு வேலை பார்க்க, பெண்கள் கூடித் தேநீர் குடிப்பார்கள், பாடுவார்கள். கார்க், கெர்ரி மாவட்டங்களில் இது அறுபடாமல் இருந்தது, இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பெண் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் கச்சேரிகளும் செஷன்களும் அன்று பல ஊர்களில் நடக்கும். தோழிகளோடு போக இதைவிடப் பொருத்தமான மாலை கிடையாது. மறுநாள் எல்லா வீட்டிலும் தோரணம் இறங்கிவிடும்.

வாசிக்க ஆசை வந்துவிட்டால்

டின் விசில் வாங்குங்கள். பத்துப் பதினைந்து யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். 'டி' சுருதி விசில் என்று கேட்டு வாங்குங்கள், செஷன் மெட்டுகளில் மிகப் பல அதற்குள் அடங்கும். தாளைப் பார்த்து வாசிப்பதைவிடக் கேட்டுக் கேட்டுப் பிடிப்பதுதான் இங்கே வழி. ஒரே மெட்டை ஒரு வாரம் முணுமுணுத்த பிறகு குழலை எடுங்கள். பௌரானோடு தொடங்க வேண்டாம். பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் தப்பாக அடித்தால் மேசை முழுவதும் குலைந்துபோகும். ஒரு செஷனில் ஒரு பௌரான் போதும் என்பது எழுதாத விதி.

கோல்தஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபிசைச் சங்கம் 1951இல் முல்லிங்கரில் தொடங்கியது. இன்று ஊருக்கு ஊர் அதற்குக் கிளை உண்டு. பெரியவர்களுக்கும் தொடக்க வகுப்பு நடத்துகிறார்கள், புதியவர்களுக்கென்றே நிதான வேகத்தில் வாசிக்கும் செஷன்களும் உண்டு. சேர்க்கைக்கு ஜனவரியில் விசாரியுங்கள்.

அதே ஜனவரியில் இன்னொன்றும் செய்யுங்கள். டிசம்பரில் உங்களுக்குப் பிடித்துப்போன அந்த ஒரு பப்புக்கு, இரண்டாவது வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு திரும்பப் போங்கள். விளக்கு அலங்காரம் இருக்காது, கூட்டம் இருக்காது. வெளிநாட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறியிருப்பார்கள். மேசையில் நாலு பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். "கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தீர்களே" என்று ஒருவர் உங்களை அடையாளம் கண்டுகொண்டு நகர்ந்து உட்காருவார்.